மயிற்பொறியும் பட்டறை ஹெலிகாப்டரும்
(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



முதுகுன்றமாகிய இவ்விருத்தாசலத்தில் களிமண்ணின் அருமையை அறியாதார் இலர். சூளையில் வெந்த மண் இங்கே பொம்மையாகிறது. மின்சாரத்தைத் தடுத்து நிறுத்தும் பீங்கானாகவும் ஆகிறது. பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி எழுப்பும் ஸ்பார்க் பிளக்கின் வெண்ணிற உடலும் பீங்கான் இனத்ததே. ஆகவே வானில் பறத்தலைப் பற்றி இச்சூளை நகரில் பேசுவது பொருந்தாத பேச்சன்று.

தமிழில் பறக்கும் பொறி என்றவுடன் திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணி நினைவுக்கு வரும். கருவுற்ற விசயைக்காக மன்னன் சச்சந்தன் மயிற்பொறி ஒன்றைச் செய்விக்கிறான். வலமாகத் திருகினால் அது மேலெழும். இடமாகத் திருகினால் கீழிறங்கும். கட்டியங்காரனின் படை அரண்மனையைச் சூழ்ந்தபோது விசயை அதில் ஏறித் தப்புகிறாள். சுடுகாட்டில் இறங்கிச் சீவகனைப் பெறுகிறாள். இக்காட்சியைச் சான்றாகக் காட்டி, தமிழர் அன்றே வானூர்தி செய்தனர் என மேடைகளில் முழங்குவோர் உளர். காப்பியம் கற்பனைக்குச் சான்றாகும், பட்டறைக்குச் சான்றாகாது. எனினும் தேவர் ஓர் உண்மையைக் கண்டுரைத்தார். பொறியைச் செய்வித்த மன்னன் அத்துடன் நின்றுவிடவில்லை. அதனை இயக்க அரசியைப் பயிற்றுவித்தான். அப்பயிற்சியே பின்னர் இரண்டு உயிர்களைக் காத்தது.

மயிற்பொறியை அறிந்தோருள் பலர், 1910-ஆம் ஆண்டில் சென்னையில் நிகழ்ந்ததை அறியார். மவுண்ட் ரோட்டில் உணவு விடுதி நடத்திய ஜாக்கோமோ டி ஏஞ்சலிஸ் என்பார், தாமே திட்டமிட்ட விமானத்தைச் சிம்சன் நிறுவனத்தின் துணையோடு உருவாக்கினார். முதலில் பல்லாவரத்தில் சோதித்தார். அதன் பின்னரே மக்கள் கூட்டத்தின் முன் பறந்து காட்டினார். முதலில் சோதனை, பிறகே காட்சி என்னும் அவ்வரிசையைக் கருத்தில் கொள்ளல் வேண்டும்.

விமானத்தினும் ஹெலிகாப்டரை அமைப்பது அரிது. அதன் இறக்கைகளே சுழல்கின்றன. முன்னோக்கிச் செல்ல, ஒவ்வொரு சுற்றிலும் அவற்றின் சாய்வு கூடிக் குறைய வேண்டும். மேற்காற்றாடி ஒரு புறம் சுழல, உடற்பகுதி மறுபுறம் திரும்ப முயலும். அதனைத் தடுத்து நிறுத்துவது வால் காற்றாடி. 1939 செப்டம்பர் 14 அன்று இகார் சிக்கோர்ஸ்கி தம் வி.எஸ்.-300 ஹெலிகாப்டரில் முதன்முதலாக எழும்பியபோது, அது கயிறுகளால் தரையோடு பிணைக்கப்பட்டிருந்தது. கயிற்றைக் கட்டியது கோழைத்தனமன்று, அதுவே அறிவு. 1982-83-இல் ஆஸ்திரேலியரான டிக் ஸ்மித் தனியொருவராக ஹெலிகாப்டரில் உலகை வலம் வந்தார். 2000-ஆம் ஆண்டில் ஜெனிபர் மர்ரி அச்சாதனையை நிகழ்த்திய முதற் பெண்மணியானார்.

இவ்விடத்தில் இரண்டு நிகழ்ச்சிகளை ஒருங்கே வைத்துக் காணல் தகும்.

அமெரிக்காவின் மொகாவி பாலைநிலத்தில் சிறு குழுவினர் தம் கொட்டகையில் 'வாயேஜர்' என்னும் விமானத்தைக் கட்டினர். 1986 செப்டம்பரில், சோதனைப் பறப்பின்போது அதன் காற்றாடி அலகு ஒன்று முறிந்து பறந்தது. விமானம் தரையிறங்கியது. குழுவினர் காரணத்தை ஆராய்ந்தனர், காற்றாடிகளை மாற்றினர். அவ்வாண்டு டிசம்பரில் டிக் ரூட்டனும் ஜீனா யேகரும் இடையில் எங்கும் நில்லாமல், எரிபொருள் நிரப்பாமல், ஒன்பது நாள்களில் உலகைச் சுற்றி மீண்டனர்.

மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட 24 வயதுப் பட்டறைத் தொழிலாளி ஒருவர், மாருதி கார் எஞ்சினைக் கொண்டு தாமே ஹெலிகாப்டர் ஒன்றை உருவாக்கினார். 2021 ஆகஸ்டில் அதனைச் சோதித்தபோது காற்றாடி அலகு முறிந்தது. அவர் உயிர் நீத்தார்.

இரண்டிடத்தும் முறிந்தது அலகே. துணிவிலும் கைத்திறனிலும் அவ்விளைஞர் எவர்க்கும் குறைந்தவரல்லர். வாயேஜருக்கு வாய்த்த பொறியாளர்களும், கணக்குகளும், ஓடுதளமும் அவருக்கு வாய்க்கவில்லை. அவர் இறந்த பின்னர்ப் புகழுரைகள் குவிந்தன. உயிரோடு இருந்தபோது, "சற்றுப் பொறு, இதனைக் கயிற்றில் கட்டிச் சோதிப்போம்" என்று சொல்லத்தக்க ஒருவர் அருகில் இருந்திருப்பின், அப்புகழுரைகளுக்குத் தேவையே எழுந்திராது.

கவிஞர் பெருமக்களே, இத்தகைய இளைஞர்களுக்கு இரங்கற்பா எழுதுவது எளிது. அவர்தம் பட்டறைக்கு நேரில் சென்று பார்ப்பது அரிது. இவ்வூர்க் குயவர் சூளையில் வெடித்த கலத்தை வீசியெறிந்துவிடுவதில்லை. ஈரம் மிகுந்ததா, அனல் விரைந்ததா என்று உடைந்த ஓட்டைக் கையிலெடுத்துப் பார்க்கின்றனர். பத்தாண்டுகளாக ஒருவர் கவிதையில் மற்றவர் குறை கண்டு திருத்தி வளர்ந்த இவ்வட்டத்திற்கு அப்பார்வை புதிதன்று. அதனைப் பட்டறைகளின் மீதும் செலுத்துக. முன்னோரின் மயிலைப் போற்றுவோர், அண்டை வீட்டுப் பிள்ளை செய்யும் பொறியையும் அவன் உயிரோடிருக்கும்போதே காண வேண்டும்.