ஈரத்தை மறைக்கும் குவியல்



ஏமாந்தவர் மறுமுறை அக்கடைக்குச் செல்லமாட்டார். எனவே வியாபாரத்துக்கு அரசின் கண்காணிப்பு எதற்கு எனச் சிலர் வினவுகின்றனர்.

மதீனாவில் விலைவாசி உயர்ந்தபோது, விலையை நிர்ணயிக்க நபி (ஸல்) அவர்கள் இணங்கவில்லை. ஆயினும் அதே நபியவர்கள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை நுழைத்து, ஈரத்தை மறைத்திருந்த வியாபாரியைக் கண்டித்தார்கள். விலை எவர் கண்ணுக்கும் தெரியும். குவியலின் அடியிலுள்ள ஈரம் தெரியாது.

1937இல் அமெரிக்காவில் ஒரு கம்பனி, சல்பனிலமைட் மருந்தை டைஎதிலீன் கிளைக்கோல் எனும் நச்சுத் திரவத்தில் கரைத்து விற்றது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் சிறுவர் பலர். விற்பனைக்கு முன் மருந்தின் பாதுகாப்பைப் பரிசோதிக்குமாறு அன்று சட்டம் கோரவில்லை. தவறான பெயரிட்டு விற்ற குற்றத்தையே கம்பனிமீது சுமத்த முடிந்தது. 1938இல்தான் புதிய சட்டம் வந்தது. மாண்ட குழந்தை மறுமுறை வேறு கடைக்குச் செல்வது எங்ஙனம்?

பெற்றோர்களே, காலாவதியான பொருளைக் கண்டால் மௌனமாக இராது, பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறையிடுங்கள். அது பிறர் பிள்ளைகளையும் காக்கும். இளைஞர்களே, நாளை நீங்கள் வியாபாரிகளாகும்போது, அதிகாரி வராத நாளிலும் அல்லாஹ் பார்க்கின்றான் என்பதை மறவாதீர்கள்.