ஓரெழுத்து மிகுந்ததும் ஓரெழுத்துக் குறைந்ததும்

(சுருத பஞ்சமி விழாவில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஜேஷ்ட மாத வளர்பிறைப் பஞ்சமியாகிய இந்நாள், ஷட்கண்டாகமம் நூல் வடிவில் நிறைவுற்று, நால்வகைச் சங்கத்தாரும் அதனை வழிபட்ட நாள். ஏட்டை வணங்கும் நாளில் எழுத்தைப் பற்றிப் பேசுவது பொருத்தமே. அந்த ஆகமத்தின் வரலாறே ஓர் எழுத்துப் பிழையிலிருந்து தொடங்குகிறது என்பதைப் பலர் நினைவில் கொள்வதில்லை.

கிர்நார் மலையின் சந்திரகுகையில் வாழ்ந்த தரசேனாசாரியர் முதுமையுற்றார். தம்மோடு சுருத ஞானம் மறைந்துவிடுமே என்னும் கவலையால் தென்னாட்டுத் துறவியர் பேரவைக்கு மடல் விடுத்தார். பேரவை இரு முனிவர்களைத் தேர்ந்து அனுப்பியது. வந்தவர்களிடம் ஆசாரியர் உடனே ஆகமத்தை ஒப்படைக்கவில்லை. ஆளுக்கொரு மந்திரம் தந்து, இரு நாள் உண்ணா நோன்பிருந்து ஓதுமாறு பணித்தார். ஒன்றில் ஓரெழுத்தை மிகையாகச் சேர்த்திருந்தார். மற்றொன்றில் ஓரெழுத்தைக் குறைத்திருந்தார்.

ஓதி முடித்தபோது இரு தேவதைகள் தோன்றின. ஒன்றிற்குப் பல் நீண்டு வெளியே துருத்தி நின்றது. மற்றொன்றிற்கு ஒரு கண் இல்லை. தேவர்க்கு உறுப்புக் குறை இயல்பன்று; ஆகவே குறை மந்திரத்தில்தான் இருத்தல் வேண்டும் என முனிவர் இருவரும் உணர்ந்தனர். மந்திர இலக்கணத்தைக் கொண்டு ஆராய்ந்து, மிகுந்த எழுத்தை நீக்கியும் குறைந்த எழுத்தைச் சேர்த்தும் மீண்டும் ஓதினர். தேவதைகள் தத்தம் இயல்பான வடிவில் வந்து நின்றன.

இதன்பின் அவர்கள் நடந்துகொண்ட முறையே இன்று எண்ணத்தக்கது. பிழையுள்ள மந்திரத்தைத் தந்தவர் ஆசாரியர். திருத்தியவர்கள் நேற்று வந்தவர்கள். "தாங்கள் தந்தது தவறு" என்று அவர்கள் கூறவில்லை. தம்முள் ஒருவர் பிழையை மற்றவர் சுட்டிச் சிரிக்கவுமில்லை. ஆசாரியரிடம் சென்று வணங்கி, நிகழ்ந்தவற்றை நிகழ்ந்தவாறே பணிவுடன் தெரிவித்தனர். அவர் மகிழ்ந்து நல்ல நாள் பார்த்து ஆகமத்தைக் கற்பிக்கத் தொடங்கினார். அவர்களே புஷ்பதந்தரும் பூதபலியும் ஆவர். எழுத்தறிவு மட்டுமே தேர்வாயிருந்தால் மந்திரம் திருந்திய அப்பொழுதே தேர்வு முடிந்திருக்கும். அவர்கள் திரும்பி வந்து சொன்ன விதமும் அத்தேர்வின் பகுதியென்றே கொள்ளல் தகும். பூதபலி முனிவர் பின்னர்த் தமிழ்நாட்டின்கண் வந்து தங்கினார் எனத் தவளை உரை குறிப்பதால், இவ்வரலாறு தமிழ்ச் சமணர்க்கு அயலார் கதையுமன்று.

எழுத்துப் பிழை சிறிய செய்தி, பொருள் விளங்கினால் போதும் என்பார் உளர். சமண நெறி அவ்வாறு கூறவில்லை. ஞானாசாரத்தின் எட்டு உறுப்புகளுள் வியஞ்சன சுத்தி, அருத்த சுத்தி, இரண்டும் கூடிய உபய சுத்தி என மூன்று உள்ளன. எழுத்தைத் தூய்மையாக ஓதுவதும் அறம். பொருளைப் பிழையறக் கொள்வதும் அறம். ஆனால் அதே எட்டனுள் வினயமும் ஓர் உறுப்பு. எழுத்தைத் திருத்துவதாகக் கூறிக்கொண்டு வினயத்தைக் கைவிடுபவர், ஓர் உறுப்பைப் பேணுவதற்காக மற்றோர் உறுப்பைச் சிதைக்கிறார். அவர் வெளிப்படுத்துவது அரைகுறையான ஞானாசாரமே.

இன்றைய நிலையை நோக்குக. முன்பு மடல் எழுதியவர் சிலரே. இன்று குடும்பத்தில் அனைவரும் எழுதுகின்றனர். வந்தவாசியிலும் திண்டிவனத்திலும் உள்ள பாட்டிமார், பேரப்பிள்ளைகள் காட்டிக்கொடுத்த முறையில் செல்பேசியில் தட்டுகின்றனர். மும்பையிலும் பெங்களூரிலும் வளர்ந்து தமிழைப் பள்ளியில் பயிலாத பிள்ளைகள், பேச்சில் கேட்டதைக் கொண்டு எழுத்தைக் கூட்டுகின்றனர். லகர ளகர ழகரங்கள் இடம் மாறுகின்றன. 'முயற்சி'யில் ஒரு சகர மெய் மிகுகிறது. தரசேனாசாரியர் மிகையாகச் சேர்த்த எழுத்தைப் போலவே அதுவும் துருத்திக்கொண்டு நிற்கிறது. சில வேளை கருவியே ஒரு சொல்லை மாற்றி வைத்துவிடுகிறது. பழியோ எழுதியவர்மேல் விழுகிறது.

உறவினர் நூறு பேர் கூடிய வாட்ஸ்அப் குழுவில், தம் கணவர் சல்லேகனை ஏற்று அமைதியாக உயிர் நீத்த செய்தியை ஒரு மூதாட்டி நான்கு வரியில் எழுதுகிறார் எனக் கொள்வோம். அதில் மூன்று பிழைகள். கற்றவர் ஒருவர் அதே இடத்தில் மூன்றையும் எண்ணிட்டுத் திருத்துகிறார். திருத்தம் சரியானதே. ஆயினும் அம்மூதாட்டி மறுமுறை எதையும் எழுதமாட்டார். பிழைகள் மூன்று நீங்கின; ஒரு குரலும் அவற்றோடு நீங்கியது.

நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் அடுத்தடுத்து நிற்பவை உபகூகனமும் ஸ்திதிகரணமும். முன்னது குற்றம் மறைத்தல். பின்னது நழுவுவோரை நிலைநிறுத்தல். அறியாதாராலும் ஆற்றல் குறைந்தாராலும் நெறிக்கு வரும் பழியைத் துடைப்பதே உபகூகனம் எனச் சமந்தபத்திரர் இரத்தினகரண்டகத்தில் வரையறுக்கிறார். அதற்கு எடுத்துக்காட்டாக நிற்பவர் தாமிரலிப்த நகரத்து வணிகர் ஜினேந்திரபக்தர். அவர் மாளிகையிலிருந்த பார்சுவநாதர் திருவுருவின் குடையில் விலையுயர்ந்த வைடூரியம் ஒன்று ஒளிர்ந்தது. அதனைக் கவர ஒரு கள்வன் நோன்பியின் வேடம் பூண்டு வந்து தங்கினான். மணியோடு ஓடுகையில் காவலர் துரத்தினர். அரவம் கேட்டு வந்த வணிகர் உண்மையை உணர்ந்தும், "யான் கூறியே இவர் இம்மணியைக் கொணர்ந்தார், இவரைக் கள்வர் என்பது தகாது" எனக் காவலரை விலக்கினார். பிறகு தனியே அவனைக் கண்டித்து அனுப்பிவிட்டார்.

பொய் கூறலாமோ என்று இளைஞர் சிலர் இங்கு ஐயுறுவது இயல்பு. பிறர்க்குத் தீங்கு விளைக்கும் உண்மையைச் சொல்லாமையும் இல்லறத்தார்க்குரிய வாய்மை நோன்பின் பகுதி என அதே நூல் கூறுகிறது. அந்த ஆராய்ச்சி இன்னொரு நாளைக்கு உரியது. இங்குக் கொள்ள வேண்டியது கண்டிப்பு நிகழ்ந்த இடமே. கள்வனுக்கே தனியிடம் கிடைத்தது. சகர மெய்யை மிகையாக இட்ட பேரனுக்கு அது கிடைக்க வேண்டாமா?

மறைப்பதோடு நின்றால் பிழை பிழையாகவே நிலைக்கும். ஆதலின் அடுத்த உறுப்பு பின்தொடர்கிறது. நிலைநிறுத்துவோர்க்கு அந்நூல் இரண்டு தகுதிகளைக் கூறுகிறது: அறத்தின்பால் அன்பு, அதனோடு அறிவுத்திறம். அறிவுத்திறம் மட்டும் உடையோர் எங்கும் நிறைந்துள்ளனர்.

பிழையை எல்லார் முன்னிலையிலும் திருத்தியே ஆகவேண்டிய இடங்களும் உண்டு. விழா நாளோ நேரமோ தவறாக வந்திருப்பின், காத்திருத்தல் ஆகாது. ஊரே தவறான நாளில் கோயிலுக்கு வந்து நிற்கும். மருந்தின் பெயர், வங்கிக் கணக்கின் எண், தோத்திரப் பாடம் ஆகியவையும் அத்தகையனவே. அங்கும் "சரியான நாள் இது" என்று எழுதினால் போதும். பிழை செய்தவர் பெயரை இழுக்க வேண்டுவதில்லை. அச்சேறவிருக்கும் அழைப்பிதழும் கல்லில் வெட்டவிருக்கும் வாசகமும் வேறு வகை. அவற்றைத் திருத்துக என யாரும் கேளாவிடினும், அச்சிடுமுன் உரியவரிடம் சொல்வது கடமை. அச்சான பின் குறைகூறுவதில் பயனில்லை. பெரும்பாலோர் அப்பொழுதுதான் வாய் திறக்கின்றனர் என்பது வேடிக்கை.

திருத்துவோர் தம் திருத்தத்தையும் ஒருமுறை ஐயுறுதல் நன்று. 'கோவில்' என்றெழுதினால் பிழை, 'கோயில்' என்பதே சரி என வாதிடுவோர் உளர். ஓகார உயிரின்பின் வகர உடம்படுமெய் வருதலே நன்னூல் விதி. அவ்விதிப்படி 'கோவில்' குற்றமற்றது. 'கோயில்' என்பதோ சான்றோர் வழக்கில் நெடுங்காலம் நிலைபெற்றது. எதைப் பிழையென்பது? 'வாழ்த்துகள்', 'வாழ்த்துக்கள்' என்னும் பூசலும் இத்தகையதே. வழு, வழாநிலை என இரண்டோடு நில்லாமல் வழுவமைதி என மூன்றாவதொன்றைத் தமிழிலக்கணம் வைத்திருப்பது காரணமின்றி அன்று. நன்னூல் செய்த பவணந்தியார் சமண முனிவர். எழுத்திலக்கணத்தின் முதல் விதிக்கு முன்னே, பாயிரத்தில், பாடஞ்சொல்லும் முறையை அவர் வகுத்துவிடுகிறார்: காலமும் இடமும் பார்த்தல் வேண்டும், விரைதல் ஆகாது, சினத்தல் ஆகாது, முகம் மலர்ந்திருத்தல் வேண்டும், கேட்பவன் எவ்வாறு கொள்வான் என அறிந்து கூறுதல் வேண்டும். நூற்பாக்களைக் கற்றுப் பாயிரத்தைத் தாண்டிச் சென்றோரே இன்று மிகுதி போலும்.

திருத்தப்படுவோர்க்கும் ஓர் ஒழுக்கம் உண்டு. ஞானாசார உறுப்புகளுள் அநிஹ்நவம் என்பது, கற்பித்தவரை மறையாமை. இதற்கு வேற்றுச் சமயத்தவர் ஒருவரே தமிழ்நாட்டில் சிறந்த சான்றாக விளங்குகிறார். கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராயிருந்த உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் படிக்கப் புகுந்தபோது, மகாவித்துவானிடம் பல்லாண்டு பயின்ற அவருக்கே சமணச் சொற்கள் பல விளங்கவில்லை. அவ்வூர்ச் சமணர் இல்லங்களுக்குச் சென்று கேட்டார். அங்கே சிந்தாமணி வீட்டு நூலாகப் படிக்கப்பட்டு வந்தது. சந்திரநாத செட்டியார் முதலியோர், கல்லூரி ஆசிரியர்க்கு இதுவும் தெரியாதா என நகையாமல், கேட்டவற்றையெல்லாம் விளக்கினர். பிறழக் கொண்டவற்றைத் திருத்தினர். 1887-இல் நூல் வெளிவந்தது. புகழின் உச்சியை அடைந்த பின்னர் எழுதிய தன்வரலாற்றிலும், தமக்குத் தெரியாதிருந்ததையும் தெரிவித்தவர்களின் பெயர்களையும் ஐயர் மறைக்காமல் எழுதி வைத்தார். செட்டியாரின் பெயர் இன்றும் நிற்பது அந்த ஏட்டில்தான்.