வேன் ஏன் கிளம்பவில்லை?



பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களிற் குடியேறிய நம்மவருள் பலருக்கு ஒரு சிறு வேனே குடும்பத்தின் மூலதனம். காய்கறி, பூ, இட்டலி மாவு முதலியவற்றை விடியுமுன் கொண்டு சேர்க்க வேண்டியவர்களுக்கு, சாவியைத் திருப்பியும் வண்டி கிளம்பாவிட்டால் அன்றைய வரும்படியே போயிற்று. இத்துடன் மற்றோர் இடரும் உண்டு. ஊர்மொழி சரளமாக வராத இடத்தில், பாட்டரி கெட்டுவிட்டது, புதிது போடவேண்டும் என்று எவரேனும் கூறினால், மறுத்துக் கேட்க வகையறியாமல் பல ஆயிரம் ரூபாயைக் கொடுத்துவிடுகிறோம். குற்றம் வேறிடத்தில் இருந்தாலோ, அடுத்த வாரமே வண்டி மீண்டும் நின்றுவிடுகிறது. ஆதலின், நோய் எங்கே இருக்கிறது என்பதை நாமே ஓரளவு அறிந்துகொள்ளுதல் நலம்.

1984-இல் வெளிவந்து 2019-இல் உற்பத்தி நின்ற மாருதி வேனாயினும், இன்று விற்கும் புதிய பெட்ரோல் வேனாயினும், கிளம்பும் முறை அடிப்படையில் ஒன்றே. சாவியைத் திருப்பியதும் ஒரு சிறு மின்னோட்டம் ரிலே வழியாகச் சென்று, ஸ்டார்ட்டரின் மீதுள்ள சாலினாய்டு என்னும் விசையை மூடுகிறது. அப்போது பாட்டரியிலிருந்து நூறு ஆம்பியருக்கு மேற்பட்ட பெரும் மின்னோட்டம் தடித்த கம்பி வழியே ஸ்டார்ட்டருக்குப் பாய்ந்து எஞ்சினைச் சுழற்றுகிறது. பின்னர் எஞ்சினின் இரும்பு, வண்டியின் உடல் ஆகியவற்றின் வழியாகப் பாட்டரிக்குத் திரும்புகிறது. இவ்வழியில் எங்கே தடை நேர்ந்தாலும் வண்டி கிளம்பாது.

முதற் சோதனைக்குக் கருவியே வேண்டுவதில்லை. கியரை நியூட்ரலில் வைத்து, முகப்பு விளக்கை ஏற்றிவிட்டுச் சாவியைத் திருப்புவோம். விளக்கு எரியவே இல்லையெனில், பாட்டரி முற்றும் வற்றியிருக்கலாம். முதன்மை ப்யூஸ் போயிருக்கலாம். அல்லது முனை கழன்றிருக்கலாம். திருப்பியவுடன் விளக்கு மங்கி, கடகடவென்று ஒலி மட்டும் எழுந்தால், பாட்டரி தளர்ந்துள்ளது, அல்லது அதன் முனைகளிற் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துப்போயிருக்கிறது. விளக்குப் பிரகாசமாகவே நின்று ஓசை ஒன்றும் எழாவிடில், குறை சாவி விசையிலோ ரிலேயிலோ சிறு கம்பியிலோ இருத்தல் கூடும். விளக்கு மங்காமல் ஒரே ஒரு “டக்” ஒலி கேட்டால் சாலினாய்டையோ ஸ்டார்ட்டரையோ ஐயுற வேண்டும். எஞ்சின் நன்கு சுழன்றும் தீப்பற்றாவிட்டால், பாட்டரியையும் ஸ்டார்ட்டரையும் விட்டுவிட்டு, பெட்ரோல் பம்பின் ப்யூஸ், ரிலே, தீப்பொறிச் சுருள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

அடுத்து, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் ஒன்று போதும். இரவு முழுதும் நின்ற வண்டியின் பாட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைவாக உள்ளது, 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. 12-க்குக் கீழ் என்றால் பெரும்பாலும் வற்றியது. ஸ்டார்ட்டர் சுழலும்போது 9.6-க்குக் கீழ் இறங்குமாயின் பாட்டரியை மின்னேற்றி மீண்டும் சோதித்தல் வேண்டும். அதன் பின்னும் இறங்கினாலன்றிப் புதிய பாட்டரி வாங்க அவசியமில்லை. எஞ்சின் ஓடுகையில் ஏறக்குறைய 13.5 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். அவ்வாறு ஏறாவிடின் மின்னேற்றும் ஆல்டர்னேட்டரையும் அதன் பெல்ட்டையுமே பழுது பார்க்க வேண்டும்.

பலரும் மறந்துவிடுவது திரும்பும் வழியை. மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் எதிர்மின் முனையிலும், மற்றதை எஞ்சினின் வெற்று இரும்பிலும் வைத்து, ஒருவர் சாவியைத் திருப்பட்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், எஞ்சினையும் உடலையும் இணைக்கும் எர்த் பட்டை துருப்பிடித்தோ தளர்ந்தோ உள்ளது. கழற்றித் தேய்த்து முறுக்கினால் செலவின்றியே குணமாகலாம். மும்பை, சென்னை போன்ற கடற்கரை நகரங்களின் உப்புக்காற்றில் இக்கோளாறு மிகுதி. தில்லியின் மார்கழிக் குளிரிலோ பாட்டரியின் வலிமையே குன்றும். கோடையில் ஒப்பேறிய பழைய பாட்டரி அங்கே விடியலிற் கைவிரிக்கும்.

எச்சரிக்கை ஒன்று. பாட்டரியிலிருந்து எளிதில் வெடிக்கும் ஹைட்ரஜன் வாயு வெளிப்படுவதால் அருகில் தீக்குச்சியோ பீடியோ கூடாது. கழற்றும்போது எதிர்மின் முனையை முதலிலும், மாட்டும்போது அதனைக் கடைசியிலும் கையாள வேண்டும். ப்யூஸ் எரிந்தால் அதே ஆம்பியர் அளவுள்ளதையே இடுக. கம்பித்துண்டைச் செருகினால் வண்டியே தீப்பற்றக்கூடும்.

பழுது பார்ப்பவரிடம் செல்லுமுன், கேட்ட ஒலியையும் மீட்டர் காட்டிய எண்களையும் ஒரு தாளிற் குறித்துக்கொள்வோம். இந்தியிலோ மராத்தியிலோ வங்காளியிலோ நமக்குச் சொல் தட்டுப்படலாம், 12.6 என்ற எண் எம்மொழியிலும் ஒன்றே. அதனைக் காட்டிப் பேசுபவரை ஏமாற்றுவது எளிதன்று. நல்ல தொழிலாளியோ அதனைக் கண்டு மகிழ்ந்து, நேரே குறையுள்ள இடத்திலேயே கைவைப்பார்.