ஆசை காட்டும் ஆள்பிடிப்பவன்



ஒப்பந்தக்கூலி முறை 1910-இல் ஒழிந்தது. ஆசை காட்டி ஆள் பிடிப்பவன் ஒழியலையே! 2022-இல்கூட, கம்போடியாவில் நல்ல வேலை என்று நம்பிப்போய் அடைபட்ட மலேசியப் பிள்ளைகளை மீட்டுவர வேண்டியிருந்தது.

கல்கத்தா புகைப்படக் கலைஞர் லீனா கெஜ்ரிவால், சிறுமியரின் நிழலுருவங்களை இரும்பில் வெட்டி நிறுத்தினார். அண்ணாந்து பார்த்தால் வானத்தில் பிள்ளை வடிவில் ஓட்டை விழுந்த மாதிரி இருக்கும். 2016-இல் ‘மிஸ்ஸிங்’ என்ற கைப்பேசி விளையாட்டையும் கொண்டுவந்தார். கடத்தி விற்கப்பட்ட பெண்ணாக நாமே ஆட வேண்டும். யாரை நம்புவது, எப்படித் தப்புவது, எல்லாம் நம் விரல்தான் முடிவு செய்யணும்.

கைப்பேசியைத் திட்டுகிற நானே சொல்கிறேன், பாருங்கள்! சின்னப் பிள்ளைகளுக்கு ஆகாது. பெரிய பிள்ளையோடு அப்பா அம்மாவும் உட்கார்ந்து ஆடிப் பாருங்கள். நாளைக்கு ராசாவிலே யாராவது வந்து, “வேலை இருக்கு, பாஸ்போர்ட்டை என்கிட்டே கொடு” என்றால், “எதுக்கு?” என்று பிள்ளையே கேட்கட்டும்.