சின்ன இடத்துப் பெரிய வேலை



“சின்னக் கொம்பனியிலா வேலை?” என்று வீட்டில் கேட்பார்கள். 2020 ஜனவரியில், விமான நிலையத்தில் இறங்கும் பயணிகளைப் பதிந்து கண்காணிக்கும் கணினி முறையைச் சுகாதார அமைச்சுடன் சேர்ந்து அமைத்தது ‘ஹிஸ்ப் ஸ்ரீலங்கா’ என்ற சிறு குழுதான். வைத்தியர்களும் மென்பொருள் எழுதுவோரும் ஒன்றாக இருந்ததால் வேலை விரைந்தது. பிற நாடுகளும் அதைப் பின்பற்றின. அந்த ஒக்டோபரில் பேலியகொடை மீன்சந்தைக் கொத்தணி பரவியபோது, ஒழுங்கான பதிவின் அருமை எல்லோருக்கும் விளங்கியது.

சிறிய இடத்தில் “அது என் வேலையில்லை” என்று சொல்ல முடியாது. தொலைபேசியை எடுப்பவரே பிழையையும் திருத்துவார். சம்பளம், விடுமுறை, இரவு வேலை எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு துணிந்து போங்கள். உயிரியல் படித்த பிள்ளைகளுக்கும் அங்கே இடமுண்டு.