விட்டதையும் எழுதுக



இராசபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் அடுத்தடுத்த ஊர்கள். ஓர் ஊரில் ஆலைகள் நூல் நூற்கின்றன. மற்றோர் ஊரில் மார்கழி தோறும் ஆழ்வார் பாசுரங்கள் ஒலிக்கின்றன. கணினியில் பழகும் உங்களுக்கு இவ்விரண்டு ஊர்களும் ஒரே பாடத்தைக் கற்பிக்கின்றன என்றால் வியப்பாக இருக்கும். அப்பாடத்தைச் சற்று விலை கொடுத்தே நான் கற்றேன்.

முதலில் ஆலைக்குள் செல்வோம். பஞ்சுப் பொதியைப் பிரித்துத் தூசு, விதைத்துணுக்கு, குற்றிழை ஆகியவற்றை நீக்கிய பிறகே நூல் நூற்கிறார்கள். நீக்கிய கழிவை அப்படியே கொட்டிவிடுவதில்லை. அதனையும் நிறுத்து, கணக்கில் எழுதுகிறார்கள். ஏன்? கழிவின் எடை ஒருநாள் திடீரென்று கூடினால், நல்ல பஞ்சும் அதனோடு போகிறது என்று பொருள். நூலை மட்டும் நிறுப்பவனுக்கு இந்த உண்மை தெரியாது.

இனிக் கணினிக்கு வருவோம். ஒரு கணினிக்குள்ளேயே மென்பொருளால் அமைக்கப்படும் மற்றொரு கணினியை மெய்நிகர் கணினி என்கிறோம். அதன் வட்டு முழுவதும் வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு ஒரே பெருங்கோப்பாகத் தோன்றும். அது பழுதானால் மீட்பதற்காகப் படியெடுத்து வைப்பதே பேக்கப். 100 ஜிகாபைட் வட்டினை நாள்தோறும் முழுமையாகப் படியெடுத்தால் இடமும் காலமும் வீணாகும். ஆகவே முதல்நாள் முழுப்படி எடுத்து, மறுநாள் முதல் மாறிய பகுதிகளை மட்டும் படியெடுக்கிறார்கள். இப்படிகள் சங்கிலிக் கண்ணிகளைப் போன்றவை. நடுவில் ஒன்று கெட்டால் அதற்குப் பின்னுள்ளவற்றை நம்ப இயலாது.

இங்கும் கழிவு உண்டு. நினைவகம் போதாதபோது கணினி தன் வட்டில் ஒரு கோப்பில் எழுதி எழுதி அழிக்கிறது. அக்கோப்பு ஓயாமல் மாறும். கணினியை நிறுத்தி மீண்டும் இயக்கினால் அதில் எழுதியது எதற்கும் பயன்படாது. அதனையும் படியெடுத்தால் நாள்தோறும் எடுக்கும் சிறுபடி பெரும்படியாகிவிடும். ஆகவே அத்தகைய கோப்புகளையும் தற்காலிகக் கோப்புறைகளையும் விலக்குமாறு விதி எழுதுகிறார்கள். இது தக்க செயலே. ஆனால் விதி பெயரைப் பார்க்குமேயன்றிப் பொருளைப் பார்க்காது.

நான் தலைமையாசிரியராக இருந்த ஒரு பள்ளியில் அலுவலகக் கணக்குகள் இத்தகைய கணினி ஒன்றில் இருந்தன. விலக்கிய கோப்புகளின் பெயர்களை அது இரவுதோறும் ஒரு பதிவேட்டில் எழுதிவந்தது. பக்கம் பக்கமாக நீளும் இதனை யார் படிப்பது என்று கருதி, அப்பதிவை நிறுத்தச் சொன்னவன் நானே. சில திங்களுக்குப் பின் வட்டு பழுதாயிற்று. படி இருக்கிறதே என்று நாங்கள் கலங்கவில்லை. மீட்டுப் பார்த்தபோது எல்லாம் வந்தன. உதவித்தொகைக்கான விண்ணப்பங்கள் மட்டும் வரவில்லை. பிறகு இடம் மாற்றிக்கொள்ளலாம் என்று எழுத்தர் அவற்றைத் ‘தற்காலிகம்’ என்னும் கோப்புறையில் இட்டிருந்தார். விதி தன் கடமையைச் செய்துவிட்டது! மாணவர்களை மீண்டும் சான்றிதழ்களுக்கு அலையவிட்டோம். அவர்களுள் இருவர் காலக்கெடுவுக்குள் கொண்டுவர இயலாமல் அவ்வாண்டு உதவித்தொகையை இழந்தனர். பதிவேடு இருந்து, அதனை ஒருநாள் நான் புரட்டியிருந்தால், அக்கோப்புகளின் பெயர்கள் என் கண்ணில் பட்டிருக்கும்.

இனி ஸ்ரீவில்லிபுத்தூரின் பாடம். பெரியாழ்வாரும் ஆண்டாளும் பாடிய பாசுரங்கள் இன்று நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்துள் இருக்கின்றன. அப்பிரபந்தம் வழக்கொழிந்து கிடந்த காலமும் ஒன்று உண்டு என்று குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. காட்டுமன்னார்கோயிலில் வாழ்ந்த நாதமுனிகள், யாத்திரிகர் சிலர் நம்மாழ்வாரின் பத்துப் பாசுரங்களைப் பாடக் கேட்டார். ஆயிரம் பாசுரங்களுள் இவை பத்து என்று அவற்றின் இறுதிப் பாசுரமே தெரிவித்தது. எஞ்சியவை எங்கே என்று வினவினார், அவர்களுக்குத் தெரியவில்லை. நாதமுனிகள் ஆழ்வார் பிறந்த குருகூருக்குச் சென்றார். ஆயிரம் தேடிப் போனவருக்கு நாலாயிரமும் கிடைத்தன என்பது வரலாறு. அந்தக் குறிப்பு மட்டும் இல்லையேல், பத்தே முழுமை என்று அவர் மனநிறைவு கொண்டிருப்பார் அல்லவா? இழந்தோம் என்று அறிந்தவனே தேடப் புறப்படுகிறான்.

ஆகவே மாணவர்களே, படியெடுக்கும்போது விலக்க வேண்டியதைத் தயங்காமல் விலக்குங்கள். ஆனால் விலக்கிய கோப்பின் பெயர், அதன் அளவு, எந்த விதியால் விலக்கினோம், எந்த நாளில் விலக்கினோம் என்னும் நான்கையும் பதிவேட்டில் ஏற்றுங்கள். புதிதாக ஒரு பெயர் அதில் தோன்றினாலும், அளவு திடீரென்று கூடினாலும், ஏன் என்று கேளுங்கள். திங்களுக்கு ஒருமுறையேனும் படியிலிருந்து மீட்டுப் பாருங்கள். மீட்டுப் பாராத படி, திறந்து பாராத பெட்டி; உள்ளே பொருள் உண்டா என்பதை எவர் சொல்ல வல்லார்?

கழிவை நிறுக்கும் ஆலைத் தொழிலாளிக்குத் தெரிந்த இவ்வுண்மையை, முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாடம் சொன்ன நான் பிந்தியே அறிந்தேன். நீங்கள் முந்தி அறிந்துகொள்ளுங்கள்.