தாங்கு என்றால் போதுமா?

பயர் ஆபீஸ் என்று நாம் சொல்லும் பட்டாசு ஆலையில் வேலை முடிந்து முகம் கழுவின கையோடு வந்து உட்கார்ந்திருக்கும் தோழர்களே!

பிள்ளை வளர்ப்பவர்களின் மனப்பாரம் பற்றிப் பேச அழைத்தீர்கள். அச்சங்குளத்தில் நின்றுகொண்டு 2021 பிப்ரவரி 12-ஐத் தாண்டி அதைப் பேச முடியாது. அன்று மதியம் இந்த ஊர்ப் பட்டாசு ஆலை வெடித்தது. இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்து, இறந்தவர் குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய் இழப்பீடு என்றது. பணத்துக்குக் கணக்கு உண்டு. ‘அம்மா எப்ப வரும்?’ என்று கேட்கிற பிள்ளையை மடியில் வைத்திருக்கும் பாட்டியின் பாரத்துக்கு யார் கணக்குப் போடுவது?

அந்த வீடுகளுக்குப் போய் நாம் என்ன சொல்கிறோம்? ‘பிள்ளைகளுக்காகத் தாங்கிக்கோ தாயி.’ பதினாறாம் நாளோடு நம் வரவும் நின்றுவிடுகிறது. தாங்கு என்றால் போதுமா? கூடத் தாங்க ஆள் வேண்டாமா?

விபத்து நடக்காத வீட்டிலும் பாரம் உண்டு. பட்டாசு வேலையில் செய்த எண்ணிக்கைக்குத்தான் கூலி. மழை பெய்தால் வேலை இல்லை. தீபாவளி நெருங்கினால் மூச்சுவிட நேரமில்லை. பகலெல்லாம் வெடிமருந்துக்குப் பயந்த பயம், சாயங்காலம் தட்டைக் கீழே போட்ட பிள்ளையின் முதுகில் அடியாக விழுகிறது. ஆண்கள் சிலர் அதை டாஸ்மாக்கில் கொட்டப் போகிறார்கள். அது வட்டியோடு வீடு திரும்புகிறது.

ஆகவே மூன்று காரியம் கேட்கிறேன். ஒன்று, பிள்ளைகளோடு பேசுங்கள். வெடிச்சத்தம் கேட்டால் யார் வீட்டுக்குப் போக வேண்டும், யார் வந்து கூட்டிப்போவார் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இரண்டு, மகளிர் குழுவில் கடன் கணக்கு முடிந்ததும், யார் வீட்டில் தூக்கமில்லை என்றும் விசாரியுங்கள். தூக்கம் தொலைந்தவர்கள் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு அழைக்கலாம். காசு வேண்டாம், இரவும் பகலும் எடுப்பார்கள். அதோடு, பட்டாசு ஆலை விபத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளின் உயர்கல்விச் செலவை அரசு ஏற்கும் என்று 2024 நவம்பரில் விருதுநகரில் முதலமைச்சர் அறிவித்தாரே, அதற்கான மனுவை எழுதிக் கொடுக்கப் படித்த இளைஞர்கள் முன்வாருங்கள்.

மூன்றாவது, பெரியது. ஆலையின் ஓர் அறையில் அனுமதித்த ஆளுக்கு மேல் உட்காரச் சொன்னால், ‘முடியாது’ என்று எல்லோரும் சேர்ந்து சொல்லுங்கள். தனியாகச் சொன்னவருக்கு வேலை போகும். ஊரே சொன்னால் உயிர் நிற்கும். பெற்றவர்கள் பத்திரமாக வீடு திரும்புவதைவிடப் பிள்ளைக்குப் பெரிய தைரியம் கிடையாது. அதற்கு இந்த ஊர் ஒன்றாக நிற்க வேண்டும்.